சிங்காரவேலு எழுதிய 'எ ஃபியூ'

சிங்காரவேலு இறந்த செய்தி எனக்குத் தபால் கார்டில் வந்தது. மதகடிப்பட்டில் அது என் கைக்குக் கிடைத்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் இப்படித்தான் தெரிந்திருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தோம். அவர் கிளார்க், நான் டைப்பிஸ்ட். அவர் பிரெஞ்சில் படித்தவர். பிரெஞ்சு ஆட்சி போய் நிர்வாகம் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானாகவே ஆங்கிலம் கற்றார். அவர் உச்சரிப்பைக் கேட்டு அலுவலகமே சிரிக்கும். நானும் சிரித்தவள்தான்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மழையில் கரையாம்புத்தூர்ப் பக்கம் குடிசைகள் விழுந்தன. புதுச்சேரியில் இருந்த மேலிடத்துக்கு அவர் அறிக்கை எழுதினார். 'எ ஃபியூ ஹவுசஸ்' என்றிருந்ததில் அந்த 'எ' தேவையில்லை என்று எனக்குப் பட்டது. அதை விட்டுவிட்டு டைப் அடித்தேன். நான்காம் நாள் பதில் வந்தது. சேதம் சொல்லும்படி இல்லை, ஆகவே கீற்றும் அரிசியும் அனுப்புவதற்கில்லை.

சிங்காரவேலு நகலை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, 'எ' எங்க போச்சு?"

"ரெண்டுக்கும் சில வீடுன்னுதானே சார் அர்த்தம்?"

"இல்லம்மா. 'எ ஃபியூ'ன்னா சில வூடு வுழுந்திருக்கு. வெறும் 'ஃபியூ'ன்னா வுழுந்ததே கம்மி, கண்டுக்க வேணாம்னு ஆயிடும். பிரெஞ்சுலயும் இப்பிடித்தான். நாலு பேரு வந்தாங்கன்றதும் நாலே பேருதான் வந்தாங்கன்றதும் ஒண்ணா?"

அவர் மழையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், விழுந்த குடிசைகளை ஒவ்வொன்றாக எண்ணி வந்தார். இருபத்து மூன்று. அந்த எண்ணோடு வேறு அறிக்கை அடித்துக் கொடுத்தேன். அவரே புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். யார் தவறு என்று அதிகாரி கேட்டதற்கு, "எங்க ஆபீஸ் தப்பு" என்று மட்டும் சொன்னாராம். உடன் போன பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாளில் லாரி வந்தது.

அன்று மாலை அவரிடம் போய், "அது கைதவறி விட்டது இல்ல சார். வேணும்னுதான் எடுத்தேன்" என்றேன்.

"தெரியும்மா. என் இங்கிலீஷ எல்லாருந்தான் திருத்துறாங்க. அடுத்த வாட்டி ஒரு வார்த்த கேட்டுட்டுத் திருத்து."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்றும் பிறர் எழுதியதில் ஓர் எழுத்தை மாற்றத் தோன்றினால், நாற்காலியை விட்டு எழுந்து, எழுதியவரின் மேசைக்குப் போய்க் கேட்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பத்தடி நடை.