அப்பா தோப்புக்குப் போயிருக்காக

மம்சாபுரத்தில் செல்லத்தாயைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் அவளுடைய தைரியத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எது வந்தாலும் சிரித்த முகம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டாள் என்பார்கள். அந்தச் சிரித்த முகம் அவள் வீட்டை என்ன பாடு படுத்தியது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதை மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவளைப் பாராட்டிப் பாராட்டி அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்களே அவர்கள்தான்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. மிஷினில் அறுந்துபோகும் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு ஓடவிட வேண்டும், எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. புருஷன் சிவனாண்டிக்கு மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. ஆறடி ஆள், தொண்ணூறு கிலோ எடை. அவர் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஒரே மகன் கௌதம்ராஜ் பட்டாளத்தில் இருக்கிறான். அருணாச்சலத்தில் ஏதோ மலை உச்சியில் டியூட்டி, ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வந்தால்தான் டவர் கிடைக்கும்.

பங்குனி மாதம் சிவனாண்டிக்குச் சோறு தொண்டையில் நிற்க ஆரம்பித்தது. கஞ்சி மட்டும் இறங்கியது, பிறகு அதுவும் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயில் புற்று, முற்றிவிட்டது, கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம், ஆறு மாதம் சொல்லலாம் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் வந்து செல்லத்தாய் சிரித்தாள்.

"வெறும் புண்ணுதானாம். ஆறு மாசத்துல ஆறிருமாம்."

இனி மகனிடம் என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. அந்தத் தெருவில் நாற்பது வீடு, பதினேழு வீட்டுப் பையன்கள் பட்டாளத்திலோ போலீசிலோ இருக்கிறார்கள். எல்லையில் நிற்கிறவனுக்கு வீட்டு நோவைச் சொல்லக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். சொன்னால் அவன் கவனம் சிதறி ஏதாவது ஆகிவிடும் என்று பயம். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அக்கா செத்த சேதியைக் கேட்டுவிட்டு லாரி ஓட்டிய பையன் ஒருவன் பள்ளத்தில் விழுந்தான் என்று ஒரு கதை உண்டு. அது எந்த ஊர்ப் பையன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கதைக்குப் பயந்து பதினேழு வீடும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. ரிட்டையரான ஹவில்தார் அழகுராஜா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"துப்பாக்கி புடிக்கிறவன் மனசு கலங்கக்கூடாது தாயி. நாங்க இத்தன பேரு இருக்கோம்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியவேண்டாம்."

பார்த்துக்கொள்ள என்னவோ பக்கத்து வீட்டுப் பொன்மணி ஒருத்திதான் வந்தாள். அவளும் அதே மில்லில் வேறு ஷிப்டு. செல்லத்தாய் வேலைக்குப் போகும் நேரம் சிவனாண்டியின் வயிற்றில் பொருத்திய குழாய் வழியே கஞ்சித் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. ஹவில்தார் அதன்பிறகு வாசலோடு நலம் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

வைகாசியில் சிவனாண்டியின் குரல் போயிற்று. காற்றுதான் வந்தது. போனில் அவரைப் பேசவிட்டால் மகன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஞாயிறுதோறும் ஒரே பதில்.

"அப்பா தோப்புக்குப் போயிருக்காகய்யா."

"எப்பக் கூப்புட்டாலும் தோப்புலயே இருக்காகளே?"

"காய்ப்பு நேரம்ல. காவல் கெடக்காக."

அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வதைச் சிவனாண்டி நாலடி தள்ளிக் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பார். போனை வைத்ததும் அவர் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் சல்யூட் வைப்பார். மகன் எப்போது வருகிறான் என்று அர்த்தம்.

"தேருக்கு வாரான். லீவு எழுதிக் குடுத்துட்டானாம்."

அவனிடம் லீவு பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் வருவதற்குள் இவர் நாலு கிலோ தேறிவிடுவார், அதன்பிறகு வந்து பார்க்கட்டும், இந்தக் கோலத்தில் பார்க்கவேண்டாம் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அவர் மாதம் பத்துக் கிலோ குறைந்துகொண்டிருந்தார். அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது.

பொன்மணி ஒருநாள் சொல்லியேவிட்டாள்.

"மதினி, பையனுக்குச் சொல்லிருங்க. அண்ணன் ஏங்கிப் போயிக் கெடக்காரு. நாளைக்கி அவன் நம்மளத்தான் கேப்பான்."

செல்லத்தாய்க்கும் அந்த வாரம் மனசு இளகித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டாள். அதற்கு இரண்டு நாள் முன்பாக, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, மில் கேன்டீனில் இரண்டு ஷிப்டுப் பெண்களையும் உட்காரவைத்து மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி நடந்தது. அந்த மாதம் மட்டும் மிஷினுக்கு முன்னால் மூன்று பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். ஆளைக் கூட்டினால் செலவு, பயிற்சி என்றால் ஒரு மத்தியானத்தோடு போயிற்று.

வந்தவர் பெயர் விக்னேஷ்வரன். கழுத்தில் டை, காதோரம் மைக். கவலையைச் சீட்டில் எழுதிக் குப்பைக் கூடையில் போடச் சொன்னார். கையைத் தட்டிச் சத்தமாகச் சிரிக்கச் சொன்னார். கவலையே இல்லாதவர் யாராவது உண்டா என்று அவர் கேட்டபோது பெண்களெல்லாம் செல்லத்தாயைக் கைகாட்டினார்கள். அவரும் அவளை மேடைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். புருஷனுக்குப் புற்று, மகனுக்குத் தெரியாது, இவள் ஒருநாள்கூட லீவு போடவில்லை. அவர் கண்கலங்கிப்போனார்.

"இவங்கதான் பாசிட்டிவ் சிந்தனைக்கு உதாரணம். வாயில ஒரு கெட்ட வார்த்தை, ஒரு அவநம்பிக்கை வார்த்தை வரல பாருங்க. நாம எதைச் சொல்றோமோ அதுதாம்மா நடக்கும்."

இருநூறு பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறந்ததிலிருந்து செல்லத்தாய்க்கு யாரும் கைதட்டியதில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான்.

"எம்மா, ஆடியில எனக்கு லீவு தாரேங்காக. எடுத்துக்கிரவா, இல்ல தீபாவளிக்குத் தள்ளவா? வீட்டுல அவசரம் ஒண்ணும் இல்லயே?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் திறந்திருந்தது. சொல்லிவிடவேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம் வந்தது. அந்தக் கைதட்டல் சத்தமும் காதில் இருந்தது.

"இங்க என்னய்யா அவசரம். எல்லாரும் நல்லாருக்கோம். நீ தீபாவளிக்கே வா, மெதுவா."

"அப்பா?"

"தோப்புக்குப் போயிருக்காக."

ஆடிப்பூரத்து ஆண்டாள் தேர் அன்று மம்சாபுரமே பஸ் பஸ்ஸாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிற்று. சிவனாண்டி விடிந்ததும் தாடையைத் தடவிக் காட்டினார். பொன்மணி ஆளைக் கூட்டிவந்து சவரம் செய்யவைத்தாள். வெள்ளை வேட்டி கட்டச் சொன்னார். இடுப்பில் நிற்காத வேட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தெருமுனையைப் பார்த்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். கழுத்து நிற்காமல் சாயும்போதெல்லாம் தானே நிமிர்த்திக்கொண்டார். பையுடன் யார் வந்தாலும் அவர் கை நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்தது.

சாயங்காலம் செல்லத்தாய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"லீவு கேன்சலாயிருச்சாம். தீபாவளிக்குக் கண்டிப்பா வாரானாம். அதுக்குள்ள நீங்களும் தேறிருவீக."

சிவனாண்டி அவளை வெகுநேரம் பார்த்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவரின் பார்வை, அதற்கு முன்னால் சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது லேசில்லை. அவள் நின்றாள். உள்ளே தூக்கிப்போய்ப் படுக்கவைத்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சல்யூட் வைக்கவே இல்லை.

ஆவணியில் ஒருநாள் காலை ஷிப்டில் அவள் நூல் முடிந்துகொண்டிருக்கும்போது சிவனாண்டி செத்துப்போனார். வாயருகே ஈ விரட்டிக்கொண்டு பொன்மணிதான் கூட இருந்தாள். கௌதம்ராஜுக்கு ஹவில்தார் போன் போட்டார், அதிலும் சட்டத்தை விடவில்லை.

"அப்பாவுக்குக் கொஞ்சம் சொகமில்லப்பா. கெளம்பி வா."

அவன் மலையிறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தான். வழியெல்லாம் போனில் ஆஸ்பத்திரிப் பெயர் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான். தெருவில் பந்தலைப் பார்த்ததும் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். ஐஸ் பெட்டிக்குள் முப்பத்து நாலு கிலோவில் ஓர் உடம்பு கிடந்தது. கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான், நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான்.

"இது யாரு?"

கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடிப் பிடித்தான்.

"எம்மா, எங்கப்பா எங்க?"

செல்லத்தாய் அவன் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தாள். அவன் கையை உருவிக்கொண்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு, எத்தனை மாதமாக என்று கேட்டான். அவள் சொன்னாள். மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து அடுக்கினான். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினான்.

"ஆடி லீவு எனக்குச் சேங்ஷனாயிருந்துச்சு. எங்கூட ஒரு பீகார்க்காரன், அவங்கப்பாவுக்கு ஹார்ட்டுல ஆபரேஷன். எங்க வீட்டுல எல்லாம் நல்லாருக்கு, நீ போன்னு என் லீவ அவனுக்கு விட்டுக் குடுத்தேன். அவன் போயி அவங்கப்பா பக்கத்துலயே இருந்து பாத்துட்டு வந்துட்டான். திரும்பி வாரப்ப எனக்கு லட்டு கொண்டாந்தான்."

"நீ கலங்கிருவயேன்னுதான்யா..."

"நாங் கலங்கல. நல்லாச் சாப்புட்டேன், ரெண்டு லட்டு."

மறுநாள் கிளம்பிப் போனான். ஹவில்தார் பஸ் ஏற்றிவிட வந்தார், அவரிடம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மில்லில் செல்லத்தாயைப் பார்த்தவர்கள் எப்படித்தான் தாங்குகிறாளோ என்று வியந்தார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவள் மிஷின் பக்கம் போய்விடுவாள்.

ஞாயிறுதோறும் அவன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அது ஒரு தண்டனை, அவன் தெரிந்து கொடுத்தானோ தெரியாமல் கொடுத்தானோ. நல்லாருக்கியா என்பான். நல்லாருக்கேன் என்பாள். "போனப் பொன்மணி அத்தைட்ட குடும்மா" என்பான். அவள் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். அம்மா சாப்பிட்டாளா, பிரஷர் மாத்திரை போடுகிறாளா, கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று அவன் அங்கே கேட்பான். பொன்மணி இவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துப் பார்த்துச் சொல்லுவாள். சந்தையில் மாடு பிடிப்பது போல அது நடக்கும்போது செல்லத்தாய் வெயிலில் நின்றுகொண்டிருப்பாள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாலு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது. போன் வந்தது.

"நல்லாருக்கியாம்மா?"

வழக்கமான பதில் வாயில் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள். ஐம்பத்திரண்டு வயசில் முதல் தடவையாகச் சொன்னாள்.

"இல்லய்யா. நல்லா இல்ல. முடியல எனக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இது நெசமாம்மா?"

"நெசந்தான்யா."

"சரி. போன அத்தைட்ட குடு."