விஷத் துணி கட்டிய நிரை

புக்கிட் ரோத்தான் ஊரைத் தாண்டி உட்சாலையில் சென்றால் வரும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலம்மா உதிரிப் பழம் பொறுக்குபவர். ஆண்கள் நீண்ட கோலில் பொருத்திய அரிவாளால் குலைகளைச் சாய்த்துக்கொண்டே செல்ல, பெண்கள் பின்தொடர்ந்து சிதறிய பழங்களைச் சாக்கில் நிரப்புவார்கள். எத்தனை சாக்கோ அத்தனை கூலி.

முன்பெல்லாம் வெயில் ஏறுமுன்னரே அவருடைய சாக்குகள் பாதையோரத்துக்கு வந்துவிடும். சென்ற ஆண்டு வறட்சி நீண்டது. அதன் விளைவு இந்த ஆண்டுக் குலைகளில் தெரிந்தது. குலை சிறுத்தது, பழம் குறைந்தது. பழைய கூலியைப் பெறப் மர வரிசைகளான நிரைகள் பலவற்றில் கூடுதலாக நடக்க வேண்டியதாயிற்று. உச்சிப் பொழுதிலும் தோட்டத்துக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. அதுவோ, ஆளைப் பிழிந்து காயப்போடும் வெயில்.

ஒரு நாள் வேலம்மா மயங்கி விழுந்தார். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ரூபிணியின் முகம் மாறியது.

"கிட்னி வீக்கா இருக்கும்மா. இந்த வெயில்ல ஒழுங்கா தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன் டாக்டர்."

"அடுத்த மாசம் திரும்ப டெஸ்ட் எடுப்போம். இப்படியே இருந்துச்சுன்னா, வெளி வேலைக்கு ஃபிட் இல்லன்னுதான் எழுத வேண்டி வரும்."

தோட்டத்து வீடு வேலை செய்பவருக்கே உரியது. வேலை போனால் வீடும் போகும். புக்கிட் செந்தோசாவில் இருக்கும் மகளோ, வாடகை வீட்டில் மாமியார், மாமனாரோடு இடிபட்டுக்கொண்டிருக்கிறாள்.

குடிக்கிறேன் என்று வேலம்மா சொன்னது பொய். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தனபாலன் நாள் தவறாமல் டிராக்டரில் தண்ணீர்த் தொட்டி கொண்டுவருவார். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால், குடித்தால் ஒதுங்க வேண்டும். முன்னால் ஆண்கள், பக்கத்து நிரையில் ஆண்கள், குலை ஏற்ற வருபவர்களும் ஆண்கள். ஆதலால் காலையில் அரைக் கோப்பை கோப்பியோடு வாயைக் கட்டிக்கொண்டு, வீடு திரும்பிய பிறகே தண்ணீர் குடிப்பது பெண்களின் வழக்கம்.

"தொட்டி போன மாதிரியே திரும்பி வருது. ஐஸ் வேற போட்டுக் குடுக்கணுமா ஒங்களுக்கு?" என்று தனபாலன் கேலி செய்வார். பெண்கள் சிரித்து மழுப்புவார்கள்.

களைக்கொல்லி அடித்த நிரையின் முதல் மரத்தில் மண்டோர் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். அவர் அவிழ்க்கும்வரை அந்த நிரையில் எவரும் கால் வைக்க மாட்டார்கள். அதைப் பார்த்ததும் வேலம்மாவுக்கு வழி பிறந்தது. பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, மருந்து அடிக்காத ஒரு நிரையில் கட்டினார். ஆண்கள் விலகிச் சென்றனர். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி வந்தனர். தொட்டித் தண்ணீர் குறையத் தொடங்கியது. வேலம்மாவுக்குத் தலைவலியும் நீர்க்கடுப்பும் தணிந்தன.

ஒரு நாள் மாலை, மழை மிரட்டிய அவசரத்தில் துணியை அவிழ்க்க மறந்துபோனார்கள்; மறுநாள் வேலை தோட்டத்தின் வேறு பக்கத்துக்கு மாறியது. அடுத்த சுற்றில் வந்த வெட்டுக்காரர்கள் அந்த நிரையைத் தொடவேயில்லை. பல நாள் கழித்துத் தனபாலன் கண்டபோது குலைகள் மரத்திலேயே அழுகியிருந்தன.

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில், கூடியிருந்தவர்கள் முன்னால் அவர் துணியை ஆட்டிக் காட்டினார்.

"நான் மருந்தே அடிக்கல. எவன் கட்டுனது? குலையே இல்லாத நேரத்துல உள்ளதும் அழுவிப் போச்சு! சேது, அது ஒன் நெரைதானே? வெட்டாம தூங்கலாம்னு பாத்தியா?"

"ஐயோ, சத்தியமா நான் இல்ல மண்டோரே!"

"நாளையிலேருந்து நீ வெட்டுக்கு வர வேணாம்."

வாய் திறந்தால் தம் வேலை போகும். திறக்காவிட்டால் சேதுவின் வேலை போகும். வேலம்மா முன்னே வந்தார்.

"அவன விடுங்க தம்பி. நான்தான் கட்டுனேன்."

"நீங்களாக்கா? எதுக்கு?"

"தண்ணி குடி, தண்ணி குடிங்கிறீங்க. குடிச்சா எங்க போறது? ஒங்க டிராக்டர் டயருக்குப் பின்னாலயா?"

ஆண்கள் தரையைப் பார்த்தனர். வேலம்மாவின் பக்கத்தில் நின்ற திலகாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒங்க வூட்டு அக்காவும் கல்யாணத்துக்கு முந்தி பழம் பொறுக்குனவங்கதானே? அவங்ககிட்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்க, லா!"

சிரிப்பொலி எழுந்தது. தனபாலன் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

"வெஷத் துணிய வெளையாட்டுக்குக் கட்டாதீங்கக்கா. நாளைக்கு நெசமாவே மருந்து அடிச்சிருக்கப்போ, இதுவும் பொம்பளைங்க கட்டுனதுதான்னு எவனாவது நொழைஞ்சிருவான்."

அது நியாயம்தான் என்று வேலம்மாவுக்கும் பட்டது.

அழுகிய குலைகளை அவரே அள்ள வேண்டும் என்று மண்டோர் கட்டளையிட்டார். சேதுவிடம் மன்னிப்புக் கேட்காமலேயே அவரை வெட்டுக்கு அனுப்பினார். அன்று மத்தியானமே பழைய டிரெய்லர் ஒன்றில் நான்கு பக்கமும் நீலக் கேன்வாஸ் அடித்து, பெண்கள் பொறுக்கும் நிரைக்கு இழுத்து வந்து நிறுத்தினார். உச்சி வெயிலுக்குமுன் வேலையை முடிக்க, பெரட்டை முன்கூட்டியே வைக்கலாமா என்று அலுவலகத்திலும் கேட்டார். பார்க்கலாம் என்று பதில் வந்தது.

மறுமாதம் டாக்டர் ரூபிணி முடிவைப் பார்த்து நிமிர்ந்தார்.

"கிட்னி கொஞ்சம் தேறியிருக்கும்மா. வேலைக்குப் போகலாம். ஆனா உச்சி வெயில்ல நிக்கக் கூடாது."

"அத வெயில்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க டாக்டர்."

ரூபிணி சிரித்தார். அடுத்த மாதமும் இரத்தம் எடுக்க வர வேண்டும் என்றார். வேலம்மா தலையாட்டினார். இந்த மாதத்துக்கு வேலை இருந்தது, வீடும் இருந்தது.