தண்ணீரில்லாச் சவரம்

ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை. காலையில் மின்சாரம் நின்றது. குழாயில் தண்ணீர் வரவில்லை. சாவுத் துடக்குக் காலத்தில் வளர்ந்த தாடியைக் கத்தரித்துவிட்டு, வெறும் பிளேட்டால் வழித்தேன். பின்பு கீரிமலைக் கடற்கரையில் அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடைபெற்றது.

கடலில் மூழ்கி எழுந்ததும் உப்புநீர் முகத்தை எரித்தது. அந்த எரிச்சலை முதலில் அண்ணையின் முகத்தில்தான் கண்டேன்.

கரவெட்டியில், பள்ளி நாடகத்தில் அவருக்குப் பிள்ளையை இழந்த அரசியின் வேடம். மீசை தெரிந்தால் வேடம் வேறொருவனுக்குப் போய்விடும். மீசையை எடுக்கவோ எங்களைப் பெற்ற ஐயா விடமாட்டார். கிணற்றுக் கப்பியின் சத்தம் ஐயாவை எழுப்பிவிடும் என்று அஞ்சி, விடியற்காலையில் அண்ணை தண்ணீரில்லாமலே வழித்தார். நனையாத மயிர் இளகாது. பிளேட் தோலின் மேற்படையையும் சேர்த்துச் சுரண்டிவிடும். பிற்காலத்தில் மருத்துவ மாணவருக்கு இதைக் கற்பித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது சிவந்து தடித்த மேலுதடு மட்டுமே.

“உரிச்ச கோழி மாதிரி இருக்கிறியள், அண்ணை.”

“வாயை மூடடா. பவுடர் பூசினால் தெரியாது.”

மேடையில் வியர்வை மேலுதட்டில் இறங்கிய பிறகு அரசியின் கண்ணீர் நிற்கவில்லை. சபை உருகியது. என் அருகில் இருந்த ஐயாகூட, “பெடியன் நல்லாய் அழுறான்” என்றார்.

திரைக்குப் பின்னால் அண்ணை என் காதைத் திருகினார். “ஆரடா அழுதது? எரிஞ்சது!”

இன்று கரையில் நின்ற அண்ணையின் மகள், துவாயை நீட்டியபடி என் முகத்தைப் பார்த்தாள்.

“சித்தப்பா, அழுறியளோ?”

“இல்லைப் பிள்ளை. எரியுது.”

இன்னும் செய்யாதவை:
கிணற்றுக்குக் கயிறும் வாளியும் வாங்குதல்.
அண்ணையின் உடுப்புகளைப் பிரித்துக் கொடுத்தல்.
அரசி அழுத கதையை அவளுக்குச் சொல்லுதல்.