எட்டாம் வாரப் பலகைகள்

அந்தக் கோடை முழுவதும் என் விரல் நுனிகள் கறுப்பாகவே இருந்தன. ஏரித் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்க வெள்ளி நைட்ரேட் கரைசல் வேண்டும். அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் கறுத்துவிடும். எந்தச் சோப்புக்கும் அசையாது. தினமும் காலையில் ஒரு சீசாவில் தண்ணீர் மொண்டு வந்து, பழவேற்காட்டில் நான் தங்கியிருந்த வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரம்மா பழைய வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் பெண்மணி. என் கையைப் பார்க்கும்போதெல்லாம் "கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு" என்று பெருமூச்சு விடுவார். பிறகு தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போடுவார்.

எழுபதுகளின் கடைசி அது. சென்னையில் எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருடம் முடித்திருந்தேன். விடுமுறையில் மாணவர்களுக்கு ஆராய்ச்சி வேலை கொடுக்கும் திட்டம் ஒன்றில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற இருவரும் பையன்கள். ஒருவனுக்குச் சிமெண்டு, ஒருவனுக்கு ரப்பர். இருவருக்கும் மின்விசிறிக்கு அடியில் வேலை. எனக்கு ஏரி. எங்கள் பேராசிரியரின் ஆய்வகத்தில் செய்த ஒரு பூச்சு படகுக் கட்டையை எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் மூவரில் ஒருவரைத்தான் பேராசிரியர் அடுத்த வருடம் ஆராய்ச்சி மாணவராக எடுத்துக்கொள்வார். அந்த இடம் எனக்கு வேண்டும். பசிக்குச் சோறு வேண்டும் என்பது போல வேண்டும்.

மொத்தம் இருபத்து நான்கு மாம்பலகைகள், ஒவ்வொன்றும் சிலேட்டு அளவு. ஆறுக்குத் தார், ஆறுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், ஆறுக்கு எங்கள் பூச்சு, மீதி ஆறு வெறும் கட்டை. படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் சவுக்குக் கழிகளை ஊன்றி, குறுக்கே கம்பு கட்டி, நைலான் கயிற்றில் அவற்றைத் தொங்கவிட்டிருந்தேன். ஏரியில் எதை முக்கி வைத்தாலும் இரண்டு வாரத்தில் பொடிச் சிப்பிகள் வந்து ஒட்டிக்கொண்டு வளரும். சனிக்கிழமைதோறும் பலகைகளைத் தூக்கி, சிப்பிகளை எண்ணி நோட்டில் குறித்துவிட்டுத் திரும்ப இறக்குவேன். எட்டாவது சனிக்கிழமைதான் உண்மையான பரீட்சை. அன்று பேராசிரியர் வருவார். அவர் முன்னால் ஒவ்வொரு பலகையையும் சுரண்டி, சுரண்டியதைக் காயவைத்து, தனித்தனியாக எடை போட வேண்டும். எந்தப் பூச்சில் எடை குறைவோ அதுதான் ஜெயித்த பூச்சு. அந்த எடைகள் இல்லாவிட்டால் எட்டு வாரமும் வீண்.

கழி ஊன்றிக் கொடுத்தவள் என் வயதுப் பெண். அவள் வீட்டில் எல்லோரும் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவியபடி போவாள். வாயில் பறி இருக்கும் நேரம் மட்டும்தான் பேச மாட்டாள். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்று தெரிந்த பிறகும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். படித்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதாம்.

"இன்னாக்கா இது, மருதாணி வெச்சா செவக்கணும், உனுக்குக் கறுத்துப் போச்சே! வரப்போற மாமியா ராட்சசிதான், சொல்ட்டேன்" என்று என் விரலைப் பிடித்து ஆட்டுவாள்.

மதியத்தில் கரையேறி, சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, இறாலை ஓட்டோடு சுட்டுத் தருவாள். அந்த ருசியை அதற்குப் பிறகு எந்த ஓட்டலிலும் நான் காணவில்லை. எதிரே வெயிலில் ஏரி கண்ணைக் கூச வைக்கும். நாங்கள் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஊர்வம்பு பேசி, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருப்போம். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சிரித்த கோடை வேறு இல்லை.

"சிப்பிய எண்ணி இன்னா பண்ணப் போற? கொழம்பு வெக்கவா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அதெல்லாம் உனக்குப் புரியாது. எட்டாவது சனிக்கிழமை எங்க சார் வருவார். அன்னிக்கு எல்லாத்தையும் சுரண்டி எடுக்கணும், அவ்வளவுதான்" என்றேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். படித்த திமிர் விடவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷத்துக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்கள் என்றால், வாசல் தெளிப்பதற்கு முன்பே படகைக் கரையேற்றிக் கவிழ்த்து அடியைச் சுரண்டிவிடுவார்கள். சிப்பி மண்டிய படகு விருந்தாளி கண்ணில் பட்டால் அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் கெட்ட பேர். இதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பேராசிரியர் வருவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, பொன்னேரிக்குப் போனேன். பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க வேண்டும். அவருக்கு பிஸ்கட்டும் வாங்க வேண்டும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் துறைக்குப் போனேன். அவள் தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினாள். கழிகளில் இருபத்து நான்கு பலகைகளும் தண்ணீருக்கு மேலே பளிச்சென்று தொங்கின. ஒரு சிப்பி இல்லை.

"காலையிலருந்து இதே வேலதான்" என்றாள். "உங்க சாரு வர்ற நேரத்துல நீ சொரண்டினு நின்னா நல்லாவா இருக்கும்? பொண்ணு இத்தினி நாளா இன்னா பண்ணுச்சுனு கேக்க மாட்டாரு?"

"சுரண்டினது எங்கேடி?"

"ஏரியிலதான். வேற எங்க போடுவாங்க?"

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அன்று அது தலைக்கு ஏறியது. மூளை இருக்கிறதா என்று கேட்டேன். சேற்றில் கிடக்கிறவளுக்கு என்ன தெரியும் என்றும் கேட்டேன். துறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பறியை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்து, இருபத்து நான்கு எடைகளைப் பென்சிலால் எழுதினேன். ஏழு வார எண்ணிக்கை கையில் இருந்தது. அதை வைத்துப் பொருத்தமாக எண்களை உண்டாக்குவது பெரிய வித்தையில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று நேற்றே சுரண்டி எடை போட்டுவிட்டேன் சார், என்று சொல்லும் வசனத்தையும் தயார் செய்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை பேராசிரியர் பொன்னேரி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாக வந்து சேர்ந்தார். துறைக்கு அழைத்துப் போனேன். அவர் பலகைகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் வசனத்தை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எங்கிருந்தோ ஓடி வந்து எங்கள் நடுவில் நின்றாள்.

"அக்காவத் திட்டாதீங்க சார். அது ஒண்ணும் பண்ணல. நான்தான் கெடுத்துட்டேன். நேத்து அது ஊர்லயே இல்ல" என்றாள்.

கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளிலும் துணி சுற்றியிருந்தது. விரல்கள் எல்லாம் சிப்பி கிழித்த கீறல்கள். இருபத்து நான்கு பலகைகளின் கீறல். முந்தின சாயங்காலம் அந்தக் கைகள் என் கண்ணில் படவே இல்லை.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "அப்போ கடைசி எடை?"

"இல்லை சார்" என்றேன். நோட்டைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டேன். நான் யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பொய் சொல்ல அவள் இடம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பேராசிரியர் கிளம்பினார். போகும்போது, "நல்லா உழைச்சிருக்கேம்மா. முடிவு இல்லாம நான் என்ன பண்ணட்டும்?" என்று வருத்தமாகத்தான் சொன்னார். இடம் சிமெண்டுப் பையனுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டினேன். பஸ் நிற்குமிடத்துக்கு அவள் வந்திருந்தாள். அவித்த இறாலை இலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். அதைக் கட்டுப் போட்ட கையால் என் மடியில் வைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்து, இலைப் பொதியைப் பைக்குள் வைத்தேன்.

"அடுத்த கோடைக்கு வருவ இல்ல?" என்றாள். "வந்து திரும்பத் தொங்கவுடு. சத்தியமா நான் கிட்டகூட வர மாட்டேன். வேற எவளாவது தொட்டா கைய ஒடிச்சுடறேன்."

இனி எனக்கு அடுத்த கோடை கிடையாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். "வர்றேன்" என்றேன்.

மூன்று வாரத்தில் என் விரல் கறுப்பு உதிர்ந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்த வருடம் வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரித்துவிட்டு, கல்யாணம் எப்போது என்று கேட்டுவிட்டு, கடைசியில் எழுதியிருந்தார்: துறையில் உன் கழிகளை அந்தப் பெண் இன்னும் பிடுங்க விடவில்லை, காற்றில் சாய்ந்தால் தானே இறங்கி நிமிர்த்தி வைக்கிறாள், நீ வருவாய் என்கிறாள்.