டிரெய்லர் வரிசையில் ஒரு சிவப்புக் கார்

எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் காலையிலிருந்து அசையவே இல்லை. எங்கள் கம்பெனி கன்டெய்னரும் அந்த வரிசையில்தான் நின்றது; கூடவே நானும். அதற்கு முன்னால் நின்ற டிரெய்லரின் டிரைவரைத்தான் சொல்கிறேன். நரைத்த முறுக்கு மீசை, மடித்துக் கட்டிய லுங்கி, கையில் ரிமோட். சாலையோர மண்ணில் அவருடைய குட்டிச் சிவப்புக் கார் சீறிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் சக்கரத்து மண்ணைத் தட்டுவார். வாங்கிய புதிதில் லாரிக்கு அப்புவதுபோல் இதற்கும் கிரீஸை அப்பினாராம். கடல் மணல் அதில் ஒட்டி, உள்ளே இருந்த பல்சக்கரம் முழுக்கத் தேய்ந்துவிட்டதாம்.

"இன்னா நைனா, பேரனுக்கு வாங்கினியா?" என்று பக்கத்து வண்டி டிரைவர் சிரித்தார்.

"எனக்குத்தான் வாங்கினேன். அதுக்கு இன்னா இப்போ?"

"இந்த வயசுலயா?"

"தோ நிக்குது பாரு, அது மொதலாளி வண்டி. அவன் எடுன்னா எடுக்கணும், ஹார்பர் கேட்டுல நிறுத்துன்னா நிறுத்தணும். இது என் வண்டி. எவன் சொன்னாலும் நிக்காது."

திடீரென்று வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் நிதானமாகப் பேட்டரியைக் கழற்றினார். நான்கு சக்கரத்தையும் பிரஷ்ஷால் தட்டினார். காரைத் துணியில் சுற்றி சீட்டில் வைத்த பிறகுதான் டிரெய்லரில் ஏறினார்.

எனக்கும் அவசரம்தான். ஆனால் கோபம் வந்தது ஹாரன் அடித்தவர்கள் மேல்.