சுவருக்கு மட்டும் காப்புறுதி

எடித் ஓலைத்தொடுவாய் என்ற கரையோர ஊர்க்காரி. கடலுக்குப் போன புருசன் திரும்பாமல் போன பிறகு, மன்னார் டவுனில் சிங்கராசாவின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு தையல் மெசினோடு வந்து இறங்கினாள். சிங்கராசா குடும்பத்தோடு கொழும்பில் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்வதும் இவள் பொறுப்புத்தான். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு முதல்நன்மை கொடுக்கும் காலம் வந்தால் வெள்ளைச் சட்டை தைக்க மூச்சுவிட நேரமிருக்காது. எட்டு வருசம் யாரிடமும் கையேந்தாமல் அப்படியே ஓடிப் போயிற்று.

அந்த வருசம் மாரிமழை தொடங்குமுன், சிங்கராசாவின் வீட்டுக்குக் காப்புறுதி போட்டுக்கொடுத்த முகவர் பாஹிம் வந்தான். "அக்கா, உங்கட சாமானுக்கும் ஒண்டு போடுங்கோவன்."

"வீட்டுக்காரர் வீட்டுக்கே போட்டிருக்கிறார் தம்பி. பிறகு எனக்கு என்னத்துக்கு?"

அவன் விளக்க வாயெடுத்தான். விட்டால்தானே! தேத்தண்ணியைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டாள். அவளையும் குறை சொல்ல ஏலாது. சண்டையில் இடம்பெயர்ந்து அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே நிவாரணம் கூரைக்குக் கூரைதான் வரும். ஒரு கூரைக்குள் கிடந்தவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு. காப்புறுதியும் அப்படித்தான் என்று பாவி நம்பிவிட்டாள்.

விடாத மழையோடு கடலும் ஏறி வீட்டுக்குள் புகுந்தது. உயரத்தில் வைக்க இருந்தது ஒரேயொரு மேசை. சிங்கராசாவின் தொலைக்காட்சியையும் சாமிப் படங்களையும் பட்டுச்சேலைப் பெட்டியையும் அதில் ஏற்றினாள். மற்றவன் பொருளை நாசமாக்கினாள் என்ற பேர் வரக்கூடாதாம். தன் மெசின்களுக்கு இடமில்லை. காப்புறுதி தரும்தானே என்று தேற்றிக்கொண்டு அடைக்கலம் தேடி மாதா கோயிலுக்கு ஓடினாள்.

தண்ணீர் வடிந்ததும் பாஹிம் வந்து சுவர் வெடிப்புகளைப் படம் பிடித்தான். எடித் அவனைத் தன் அறைக்கு இழுத்துப் போனாள். மெசின்களின் மோட்டருக்குள் உப்புச் சேறு. ஊரார் தைக்கத் தந்த வெள்ளைத் துணியெல்லாம் நாறிக் கிடந்தது.

"இதுகளையும் எடுங்கோ தம்பி."

பாஹிமுக்கு முகம் செத்துப் போயிற்று. "அக்கா, அது சுவருக்கும் கூரைக்கும் வீட்டுக்காரற்ர சாமானுக்கும்தான். வாடகைக்கு இருக்கிற ஆள் தன்ர சாமானுக்குத் தான்தான் போடவேணும். அதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான்."

"ஐயோ, அந்தாளின்ர சாமானையெல்லோ நான் மேசையில ஏத்தினனான்!" தலையிலடித்துக்கொண்டு அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டாள். அழுது ஓய்ந்தபின் கேட்டாள்: "இப்ப போடேலாதோ தம்பி?"

"போடலாம் அக்கா. ஆனா போனதுக்கில்லை. இனி வாங்கிற சாமானுக்குத்தான்."

"இனி நான் என்னத்தை வாங்க?"

அந்த மாதமே அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பினாள். இப்போது யாரோ ஒருவரின் மீன்வாடியில் கூலிக்குக் கருவாடு காயவைக்கிறாள்.