சத்து என்று நினைத்த மாத்திரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலுக்குள் இறங்கி நிலக்கரி கூட்டுவது என் வேலை. இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். கால் மரத்துப்போனதால், நரம்புக்கு நல்லதென்று மருந்துக்கடையில் வைட்டமின் ஈ வாங்கி தினமும் மூன்று விழுங்கினேன். "வேற மாத்திரை சாப்பிடுதீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது இல்லையென்று தலையாட்டினேன். அது சத்துதானே, மாத்திரையா என்று நினைத்தேன்.

ஒருநாள் கப்பலின் அடியில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நிற்கவேயில்லை. தலைசுற்றலில் ஏணி ஏற முடியவில்லை. நான்கு பக்கமும் இரும்புச் சுவர். உயரத்தில் சதுரமாகக் கொஞ்சம் வானம். இங்கேயே செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"ஏலே, மூக்கைப் பிடிச்சிட்டுக் குனிஞ்சு இரி! மூட்டையத் தூக்குத மாதிரி தூக்கிருவோம்!" என்று மேஸ்திரி கத்தினார். கிரேன் கூடையில் மேலே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து, நான் வைட்டமின் ஈ விழுங்குவதையும் கேட்டறிந்த அதே டாக்டர், "அண்ணாச்சி, ரெண்டும் சேர்ந்தா ரத்தம் லேசுல நிக்காது. உங்களுக்கு அந்தச் சத்து குறையவும் இல்ல. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார்.

எனக்குப் பேசக் கூச்சம். அதனால் இப்போதெல்லாம் விழுங்குகிற அத்தனையையும் பையில் கொண்டுபோய், அவர் மேசையில் கொட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி ஐந்தாம் தேதி.